சானடோரியமும் சீட்டுக் குலுக்கலும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும், தாம்பரத்துக்கு முன்பாக ஒரு நிலையத்தில் நிற்கிறது. அதன் பெயர்ப் பலகையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று எழுதியிருக்கும். அந்த வழியே நாள்தோறும் வந்து போகும் மாணவர்களிடம், “சானடோரியம் என்றால் என்ன?” என்று நான் கேட்பதுண்டு. “அது ஊரின் பெயர், சார்” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் விடை. ஒரு பெரும் நோயின் பெயரால், அந்த நோய்க்கு ஒரு காலத்தில் உலகம் முழுவதும் நம்பியிருந்த ஒரு வைத்தியத்தின் பெயரால், ஓர் ஊர் வழங்கிவருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வைத்தியம் எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். அது மருத்துவத்தின் கதை மட்டுமன்று. கணக்கின் கதையும் ஆகும்.

உடற்கல்வியும் நலவாழ்வியலும் பயிலும் இளைஞர்களுக்குப் புள்ளிவிவர இயல் கற்பிப்பது என் தொழில். இந்தத் தென்புறத்தில் அத்தகைய மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. நந்தனத்தில் 1920-ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. வண்டலூருக்கு அப்பால், மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓடவும் தாண்டவும் வந்த பிள்ளைகள் என் வகுப்பில் நுழையும்போது அவர்கள் முகத்தில் ஒரு சோர்வு படரும். “எங்களுக்குக் கணக்கு எதற்கு, சார்?” என்று சிலர் வாய் திறந்தே கேட்டுவிடுவார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்லுவது, நானே செய்த ஒரு மடமையைப் பற்றித்தான்.

நான் ஆசிரியப் பணியை மேற்கொண்ட புதிதில் நடந்தது அது. அறுபது மாணவர்களை மைதானத்தில் ஓடவிட்டு, ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டேன். கடைசியாக வந்த இருபது பேரைத் தனியே பிரித்து, ஆறு வாரம் நாள்தோறும் காலையில் அவர்களுக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்க ஏற்பாடு செய்தேன். ஆறு வாரம் கழித்து அவர்களை மறுபடியும் ஓடவிட்டபோது, இருபது பேரில் பெரும்பாலோர் முன்னைவிட விரைவாக ஓடினார்கள். எனக்கு உண்டான மகிழ்ச்சியைக் கேட்க வேண்டுமா? கேழ்வரகின் பெருமையை விளக்கி ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். அதை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்த இருபது பேரும் கஞ்சி குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?”

எனக்கு விடை தெரியவில்லை. பிறகு ஆற அமர யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் பின்தங்கியவர்களில் ஒருவனுக்கு அன்று காய்ச்சல். ஒருவன் முந்திய இரவு சினிமாவுக்குப் போய்த் தூக்கம் கெட்டவன். ஒருவனுடைய காலணியின் வார் அறுந்திருந்தது. மெய்யாகவே ஓடத் தெரியாதவர்களோடு, அன்று ஒரு நாள் மட்டும் தவறிப்போனவர்களும் அந்த இருபதில் சேர்ந்திருந்தார்கள். மறுமுறை ஓடும்போது, கஞ்சி இல்லாவிட்டாலும், அவர்களில் பலர் முன்னேறித்தான் இருப்பார்கள். போதாக்குறைக்கு, ஆறு வாரம் மைதானத்தில் பழகியும் இருந்தார்கள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோரைக் காட்டிலும் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருக்கக் கண்டு, கடைக்கோடிகள் நடுவை நோக்கித் திரும்பும் இந்த இயல்பை 1886-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர். நூற்றாண்டு பழமையான அந்தச் செய்தியை வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டே மைதானத்தில் மறந்துவிட்டேன்!

இனித் தாம்பரத்துக்கு வருவோம்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1882-இல் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆனால் கிருமியைக் கண்டதனால் நோயாளி பிழைத்துவிடவில்லை. தூய காற்று, வெயில், நல்ல உணவு, நீண்ட ஓய்வு இவைதாம் சிகிச்சை. ஊர் நெருக்கடிக்கு வெளியே, மலைச்சாரலிலோ தோப்புக்களின் நடுவிலோ, திறந்த தாழ்வாரங்களுடன் கூடிய மனைகளை எழுப்பி, நோயாளிகளை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் படுக்கவைத்தார்கள். இத்தகைய இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர்.

டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்ற இந்திய மருத்துவர் இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியைச் சேர்ந்த மெண்டிப் குன்றுகளில், இப்படிப்பட்ட சானடோரியம் ஒன்றை நடத்திவந்தார். 1914-இல் கணித மேதை ராமானுஜன் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றபோது அதே கப்பலில் சௌரிமுத்துவும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப்பின் ராமானுஜன் நோய்வாய்ப்பட்டபோது அவருடைய சானடோரியத்துக்கே போய்ச் சேர நேர்ந்தது. ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தான் என்று அன்று கருதினார்கள். அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துரைத்தார். எவ்வாறாயினும், 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26-ஆம் நாள் அவர் உயிர் நீத்த இடம் சென்னைச் சேத்துப்பட்டு. அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கிறது.

சௌரிமுத்து தாயகம் திரும்பி, 1928-இல் தாம்பரத்துக்கு அருகே பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அன்று அது ஆள் நடமாட்டம் குறைந்த வெளி. மூன்று ஆண்டு கழித்து, 1931-இல்தான் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலே வந்தது. 1937-இல் அரசாங்கம் அந்த மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று வழங்குகிறது.

சானடோரியத்துக்குச் சென்று உடல் தேறித் திரும்பியவர்கள் உண்டு. காற்றும் வெயிலும் பாலும் முட்டையும் தம்மைக் காப்பாற்றியதாக அவர்கள் சொன்னார்கள். மருத்துவர்களும் அப்படியே நம்பினார்கள். ஆனால் என் கஞ்சிக் கட்டுரையைப் படித்த மூத்த ஆசிரியரின் கேள்வியை இங்கேயும் கேட்கலாம் அல்லவா? சானடோரியத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அங்கே இடம் கிடைத்தவர்கள் யார்? செலவுக்கு வழியுள்ளவர்கள், பயணத்தைத் தாங்கும் அளவுக்கேனும் தெம்புள்ளவர்கள், தேறுவார்கள் என்று மருத்துவர் கருதித் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்களைச் சேரியில் கிடந்து மடிந்தவர்களோடு ஒப்பிட்டுச் சானடோரியத்துக்குப் பெருமை கூறினால், அது குதிரையையும் எருமையையும் ஓடவிட்டுக் கொள்ளின் சத்தை அளப்பது போன்றதே.

அப்படியானால் நியாயமான ஒப்பீடு எது? ஒரே தன்மையுடைய இரண்டு கூட்டங்கள் வேண்டும். அவற்றை யார் பிரிப்பது? மருத்துவர் பிரித்தால், அவர் மனம் அறிந்தோ அறியாமலோ, தேறக்கூடியவனை ஒரு பக்கம் தள்ளிவிடும். நோயாளியே தேர்ந்துகொண்டால், வசதியுள்ளவன் ஒரு பக்கமும் இல்லாதவன் மறுபக்கமும் போய்விடுவான். மனித விருப்பம் எதுவும் தலையிடாத ஒரு வழி வேண்டும். அந்த வழி சீட்டுக் குலுக்கல்.

சீட்டுக் குலுக்கல் என்றதும் உங்களுக்குப் புன்னகை வரலாம். ஆனால் இதன் நுட்பத்தைத் தமிழ்நாடு நன்றாக அறிந்திருந்தது. தாம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, எல்லாரும் காணும்படி அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்ய வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரல் இடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா! சீட்டைக் குலுக்கினால் மட்டும் போதாது. அடுத்து வரும் சீட்டு எது என்று யாருக்கும் தெரியவும் கூடாது, தெரிந்ததை மாற்ற வழியும் இருக்கக் கூடாது என்பதை அந்த ஊரார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். இன்றைய மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒளி ஊடுருவாத உறையில் சீட்டை வைத்து முத்திரையிடுவதும் இதே ஐயத்தினால்தான்.

மருத்துவத்தில் இந்த முறைக்குப் பெருமதிப்புத் தேடித் தந்தவர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்ற ஆங்கிலப் புள்ளிவிவர அறிஞர். அவர் மருத்துவர் ஆக விரும்பியவர். முதல் உலகப் போரில் பணியாற்றச் சென்ற இடத்தில் காசநோய் பற்றிக்கொண்டதால் நீண்ட காலம் படுக்கையில் கிடந்து, அஞ்சல் வழியே பொருளாதாரம் படித்து, எண்களின் பக்கம் திரும்பினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து புதிதாக வந்து, பிரிட்டனில் அது மிகக் குறைவாகவே கிடைத்த சமயத்தில், அவர் வகுத்த திட்டத்தின்படி 107 நோயாளிகளைச் சீட்டு முறையில் இரு கூறாக்கினார்கள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில், மருந்து பெற்றவர்களில் இறந்தவர் 4 பேர். பெறாதவர்களில் 14 பேர். 1948-இல் இது வெளியாயிற்று. ஓய்வு மட்டும் பெற்றவர்களிலும் பலர் உடல் தேறியிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவது கூட்டம் இல்லாதிருந்தால் அந்தத் தேறுதலையும் மருந்தின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள்.

அதன்பின் ‘பாஸ்’ என்ற மருந்தும், 1952-இல் ஐசோநியசிட் என்ற மலிவான மாத்திரையும் வந்தன. இப்போதுதான் நம் நாட்டுக்கே உரிய கேள்வி எழுந்தது. இந்தியாவில் காசநோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. தாம்பரத்தைப் போல நூறு சானடோரியங்கள் கட்டினாலும் போதாது. வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஆனால் அரைவயிற்றுக் கஞ்சியுடன், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் குடிசையில், வேலைக்குப் போய்க்கொண்டே உண்ணும் மாத்திரை பலிக்குமா? வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா? அனுபவமிக்க மருத்துவர்கள் பலர் ‘கூடாது’ என்றே எண்ணினார்கள். எண்ணத்துக்கு எண்ணம் விடையாகாது, பார்த்துவிடுவதே வழி.

1956-ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவின. அது அமைந்த இடம் சேத்துப்பட்டு. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ராமானுஜன் மறைந்த அதே வட்டாரம்! வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தலைமை தாங்கினார். பிராட்போர்டு ஹில் ஆலோசனை கூறினார். எஸ். ராதாகிருஷ்ணா என்ற இந்தியப் புள்ளிவிவர அறிஞர் அங்கே அமர்ந்து எண்களைக் காத்தார். ‘காத்தார்’ என்று வேண்டுமென்றேதான் சொல்லுகிறேன். எண்களைச் சேர்ப்பது எளிது. அவற்றைக் கலப்படம் இல்லாமல் காப்பதுதான் அரிது.

கபத்தில் கிருமி காணப்பட்ட சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சீட்டு முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மறு பாதியினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோநியசிட்டும் பாஸும், ஓர் ஆண்டுக்கு. பழைய ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களின் ஏடுகளைப் புரட்டி ஒப்பிடாமல், ஒரே காலத்தில் இரு கூட்டத்தையும் வைத்து நோக்கினார்கள்.

ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றையெல்லாம் நிலையாக வைக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். இங்கே அப்படிச் செய்ய முடியவில்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, ஓய்வு, காற்று, தாதியரின் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கோ அவற்றில் ஒன்றும் முறையாக வாய்க்கவில்லை. பலர் நாள் முழுதும் உழைத்துக்கொண்டும் இருந்தார்கள். இது குறைதான். ஆனால் பயனுள்ள குறை. அனுகூலங்கள் அத்தனையும் ஒரு பக்கமே குவிந்திருந்தும் மறுபக்கம் தோற்காமல் நின்றால், அதைவிடப் பெரிய சான்று வேறு என்ன வேண்டும்?

வீட்டில் இருப்பவர் மருந்தை உண்டாரா, தெருவில் எறிந்தாரா என்பதை எப்படி அறிவது? பாஸ் வயிற்றைக் குமட்டும் மருந்து. எறிந்துவிடத் தோன்றுவது இயற்கை. நிலையத்தார் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சாயல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவருக்கு, எந்தப் படம் வீட்டு நோயாளியுடையது, எது சானடோரியத்தாருடையது என்பது சொல்லப்படவில்லை. ஓட்டப் பந்தயத்தில் நேரம் குறிப்பவனுக்குத் தன் நண்பன் எந்தப் பாதையில் ஓடுகிறான் என்று தெரிந்தால், பொத்தானை அழுத்தும் விரல் கணப்பொழுது தயங்கும். அவன் அயோக்கியன் என்பது பொருளன்று, விரல் அப்படிப்பட்டது.

இடையில் விலகிப் போனவர்கள் தனித் தலைவலி. சானடோரியத்தில் இருந்தவர்களில் சிலர், குடும்ப நினைவோ குடும்பத் தொல்லையோ இழுக்க, காலம் முடியுமுன்பே வீடு திரும்பிவிட்டார்கள். என் கஞ்சி ஆராய்ச்சியிலும் மூவர் இரண்டாம் வாரமே கஞ்சியை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர்களை நான் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து நீக்கியிருந்தேன். விலகுகிறவர்கள் தற்செயலாக விலகுவதில்லை. யாருக்கு ஒவ்வவில்லையோ அவர்களே விலகுவார்கள். அவர்களை நீக்கிவிட்டால், ஒத்துப்போனவர்கள் மட்டும் எஞ்சி நின்று சிகிச்சைக்குச் சாட்சி சொல்லுவார்கள்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப்பின் கிருமி ஒழிந்து நோய் தணிந்த நிலையை அடைந்தவர்கள், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர்.

இதைக் கேட்டதும் என் மாணவர்கள், “அப்படியானால் சானடோரியமே மேல்!” என்பார்கள். இங்கேதான் புள்ளிவிவர இயல் வாய் திறக்கிறது. ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டுங்கள். ஐம்பது முறை பூ விழ வேண்டும். ஆனால் சரியாக ஐம்பதே விழுவது அரிது. ஐம்பத்தாறு விழுந்தால் நாணயம் கோணல் என்று யாரும் சொல்லமாட்டோம். இப்படி நூறு சுண்டுகள் கொண்ட ஆட்டத்தைப் பலமுறை ஆடினால், நூறு ஆட்டங்களில் சுமார் தொண்ணூற்றைந்தில் பூவின் எண்ணிக்கை நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கும். சென்னை ஆராய்ச்சியில் ஒவ்வொரு பக்கமும் இருந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. அவர்களிடையே நூற்றுக்கு ஆறு என்ற வேறுபாடு ஐந்தாறு நோயாளிகளைப் பொறுத்தது. சீட்டு சற்று வேறுவிதமாக விழுந்திருந்தால் அந்த ஐந்தாறு பேர் மறுபக்கம் போயிருக்கக் கூடும். ஆகவே இந்த வேறுபாடு தற்செயலாகவே தோன்றியிருக்கலாம் என்பதே நேர்மையான தீர்ப்பு.

ஆனால் நேர்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘வேறுபாடு நிலைநாட்டப்படவில்லை’ என்பது வேறு. ‘வேறுபாடே இல்லை’ என்பது வேறு. சிறிய கூட்டத்தில் சிறிய வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும். சேத்துப்பட்டு நிலையத்தார் இதை உணர்ந்தே ஒரே எண்ணோடு நின்றுவிடவில்லை. அந்த நோயாளிகளை ஐந்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தார்கள். காலம் செல்லச் செல்ல இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். உணவைத் தனியே ஆராய்ந்து 1961-இல் எழுதினார்கள்: சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாக உண்டு எடையும் கூடினார்கள், ஆயினும் மருந்து முறையாக உண்டால், நோய் தணிவதற்கு அந்த உணவு இன்றியமையாததாகத் தோன்றவில்லை. எல்லாவற்றினும் பெரிய அச்சம் குடும்பத்தாரைப் பற்றியது அல்லவா? நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில், அவரைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை. கெடுதல் நேர்ந்தது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே. மருந்து தொடங்கிய பின் அன்று.

இந்த எண்களின் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. குடும்பத் தலைவன் ஓராண்டு சானடோரியத்தில் கிடந்தால் வீட்டில் உலை எரியாது. தாய் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? அவர்கள் வீட்டிலேயே இருந்து பிழைக்கலாம் என்று சொல்லும் துணிவு அரசாங்கத்துக்கு வந்தது. 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியபோது, வீட்டில் இருந்தபடியே மருந்து என்பதே அதன் அடிப்படை ஆயிற்று. மற்ற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடலாயின. ஏழைகளை வைத்துச் சீட்டாடினார்கள் என்று இன்றும் சிலர் குறை கூறுவதுண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இருவருக்கும் மருந்து கிடைத்தது. எது மேல் என்பது எவருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு குலுக்கிப் பார்த்தார்கள். தெரிந்ததுபோல் நடித்துத் தலைமுறை தலைமுறையாக ஒரே வழியில் போவதுதான் கொடிய சூதாட்டம்.

வெற்றிக் கதையாகவே எல்லாம் முடிவதில்லை. 1968-இல் அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில், பி.சி.ஜி. என்னும் தடுப்பூசியைச் சோதிக்க ஒரு மாபெரும் ஆராய்ச்சி தொடங்கிற்று. மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதி அது. ஒரு சாராருக்குத் தடுப்பூசி, ஒரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் காத்திருந்து 1979-இல் முடிவைப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டுகள் கவனித்து 1999-இல் எழுதியதும் அதையே உறுதிப்படுத்திற்று. எல்லாரும் வேறு விடையை எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்பாராத விடையை அப்படியே அச்சிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயைத் தடுப்பதால் பி.சி.ஜி. இன்றும் போடப்படுகிறது, ஆனால் அதனால் ஆகாதது எது என்பது செங்கற்பட்டுக் கிராமங்களால் உலகுக்குத் தெரிந்தது.

சேத்துப்பட்டு நிலையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் பெற்றது. பழைய ஆராய்ச்சியைத் தவறாகப் புரிந்துகொண்டு, ‘உணவு முக்கியமில்லை’ என்று நெடுங்காலம் பேசியவர்கள் உண்டு. அன்று கேட்கப்பட்ட கேள்வி, மருந்து உண்கிறவர் குணமடைய நல்லுணவு இன்றியமையாததா என்பதுதான். உடனிருக்கும் குடும்பத்தாருக்கு நல்லுணவு கொடுத்தால் நோய் வராமல் தடுக்க முடியுமா என்று எவரும் கேட்கவில்லை. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்குகொண்டது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள்; குடும்பத்தாரில் சீட்டு விழுந்த பகுதியினருக்கு மட்டும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். உணவு பெற்ற குடும்பத்தாரிடையே காசநோய் நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. 2023-இல் இது வெளியாயிற்று.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு என் கஞ்சி நினைவுக்கு வந்தது. அதன் பிற்பகுதியை உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மூத்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அடுத்த ஆண்டு விடை தேடினேன். இம்முறை நாற்பது மாணவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். எழுத்து அறியாத சிறு பெண் ஒருத்தி, எங்கள் காவற்காரரின் பேத்தி, இருபது சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர்களுக்குக் கஞ்சி, மற்ற இருபது பேருக்கு இல்லை. நேரம் குறித்தவனுக்கு யார் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து இரு கூட்டமும் முன்னேறியிருந்தன. கஞ்சி குடித்தவர்கள் ஒரு சிறிதே கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அந்தச் சிறிதும் தற்செயலுக்குள் அடங்கிவிடக் கூடியது.

“அப்படியானால் கஞ்சி வீண்தானா, சார்?” என்று கேட்டான் ஒரு மாணவன். அவன் கஞ்சி குடித்த கூட்டத்தைச் சேர்ந்தவன். குரலில் சற்று வருத்தம் இருந்தது.

“நாற்பது பேரை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது, தம்பி” என்றேன்.

“பின் எத்தனை பேர் வேண்டும்?”

ஆண்டு முழுவதும் நான் பாடம் நடத்தியும் ஒருவரும் கேளாத கேள்வி அது. மைதானத்து ஓரத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து, அவனுடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கி, எத்தனை வினாடி வேறுபாட்டை நாம் பொருட்படுத்துவோம் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்கினோம்.